பந்து புறப்படும் முன்

2019 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை காலை. பேட்டன் ரூஜில் என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அந்த மூன்று பாயின்ட் எங்கே போயிற்று?"

முந்தின நாள்தான் அவருடைய அணி, எல்.எஸ்.யூ. என்று ஊரே சொல்லும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, அலபாமாவை அவர்கள் மண்ணிலேயே 46-41 என்று வென்றிருந்தது. ராத்திரி வெகுநேரம் எங்கள் தெருவில் கார் ஹார்ன் ஓயவில்லை. இவரோ, பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுனுக்குப் பின் தவறிப்போன ஒரு பாயின்ட் உதையையும், கைகூடாமல் போன ஓர் இரண்டு பாயின்ட் முயற்சியையும் கூட்டி, வரவேண்டிய 49 ஏன் 46 ஆயிற்று என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கசிவு எங்கே என்று தேடியே பழகிய கண்.

காப்பி கொடுத்தார். அந்த ஊர்க் காப்பியில் சிக்கரி கலப்பார்கள். அந்த ஒரு விஷயத்துக்காகவே அங்கே எனக்கு வீட்டு ஞாபகம் அதிகம் வந்ததில்லை. பிறகு பதிவு செய்து வைத்த ஆட்டத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். மூன்றரை மணி நேர ஆட்டத்தைப் பார்த்து முடிக்க அன்று எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. ஒவ்வொரு முறையும் பந்து கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் படத்தை நிறுத்திவிட்டு, "இப்போது யாருக்குப் போகும், சொல்லு" என்பார். அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் ஆட்டத்தைப் பார்க்க நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு நாளில்தான்.

எல்.எஸ்.யூ.காரர்களுடைய பசியைச் சொல்லாவிட்டால் அந்த ஆட்டத்தின் ருசி தெரியாது. 2011 நவம்பர் 5 அன்று அலபாமாவின் இதே டஸ்கலூசா மைதானத்தில், நாட்டின் முதலிரண்டு இடங்களில் இருந்த அணிகளாக இவை இரண்டும் மோதின. கூடுதல் நேரம் வரை போய் எல்.எஸ்.யூ. 9-6 என்று வென்றது. இரண்டு பக்கமும் ஒரு டச்டவுன்கூட இல்லை. எல்லாம் காலால் உதைத்துச் சேர்த்த மும்மூன்று பாயின்ட். இரண்டே மாதத்தில் அதே அலபாமாவோடு நியூ ஆர்லியன்ஸில் தேசிய இறுதி ஆட்டம். 21-0 என்று தோல்வி. ஆட்டம் முழுக்க எல்.எஸ்.யூ. நகர்ந்தது 92 கஜம். அங்கே தொடங்கிய தோல்வி வரிசை எட்டு ஆட்டம் நீண்டது. அதில் 2016இல் 10-0, 2018இல் 29-0. இரண்டும் சொந்த வீட்டில், லட்சம் பேர் உட்காரும் டைகர் ஸ்டேடியத்தில். 1988இல் ஆபர்னுக்கு எதிராகப் போட்ட ஒரு டச்டவுனுக்கு எழுந்த ஆரவாரம் பல்கலைக்கழகத்தின் நில அதிர்வுக் கருவியிலேயே பதிவான இடம் அது. அங்கே பூஜ்யம். அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபனோ, 2003 பருவத்தில் எல்.எஸ்.யூ.வுக்கே தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். வெந்த புண்ணில் வேல்.

அந்த ஆண்டுகளில் எல்.எஸ்.யூ.வின் தாக்குதல் எப்படி இருக்கும் என்று பெரியவர் கையாலேயே காட்டினார். வலது முஷ்டியை இடது உள்ளங்கையில் மூன்று முறை இடித்தார். அவ்வளவுதான். ஆட்டத்தின் அடிப்படை எளியது: நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறு, முன்னேறினால் மறுபடி நான்கு. இவர்கள் முதல் முயற்சியில் நடுவே ஓடுவார்கள். இரண்டாவதிலும் நடுவே ஓடுவார்கள். மூன்றாவதில், எறியத்தான் போகிறார்கள் என்று எதிரணிக்கும் பாப்கார்ன் விற்பவனுக்கும் தெரிந்த பிறகு, எறிவார்கள்.

2019இல் தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரான், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியிலிருந்து முப்பதைத் தொடாத ஜோ பிரேடியைத் தாக்குதலுக்காக அழைத்துவந்தார். ஏற்கெனவே அங்கே தாக்குதலை நடத்திவந்த ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அறுபதைத் தாண்டியவர். 70களில் இதே பல்கலைக்கழகத்துக்குக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தெறிபவராக, ஆடியவர். கிழவரை ஓரம் கட்டாமல் இளையவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பந்தெறிபவரும் மாறவில்லை. 29-0 என்று தோற்ற நாளிலும் ஜோ பர்ரோதான். 2018இல் பருவம் முழுக்க அவர் எறிந்த டச்டவுன் 16. மறு ஆண்டு 60. ஆள் அதேதான்; ஆளை நிறுத்திவைத்த விதம் வேறு.

முதல் முறை படத்தை நிறுத்தியபோது நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பந்தை விடு. பர்ரோ பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா பார்" என்றார்.

யாரும் இல்லை. அதுதான் விஷயம். சாதாரணமாகக் குவார்ட்டர்பேக்குக்கு அருகில் ஓட்டக்காரர் ஒருவர் நிற்பார். ஓடுவதற்கு மட்டுமல்ல, காவலுக்கும். அவரையும் வெளியே அனுப்பி, ஐந்து பேரை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்திவிட்டால் பர்ரோவைக் காக்க மிஞ்சுவது முன்வரிசையின் ஐந்து பேர். எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஒருவர் தடையில்லாமல் வந்து விழுவார். சுவர் இல்லாத வீட்டில் படுப்பது மாதிரி. பிறகு ஏன்?

பெரியவர் எழுந்து போய்த் திரையில் விரல் வைத்தார். எட்வர்ட்ஸ்-ஹெலேர் என்ற அந்த ஓட்டக்காரர் ஓரக்கோட்டுப் பக்கமாக நடந்து போகிறார். அவர் பின்னால் யார் போகிறார்கள்? எதிரணியில் நடுவே காவல் நிற்கும் லைன்பேக்கர் ஒருவர் அவரை ஒட்டிக்கொண்டே வெளியே போனால், ஆளுக்கு ஆள் காவல். லைன்பேக்கர் அசையாமல் நின்று, ஓரத்தில் வேறொருவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டால், இடத்துக்கு ஆள் காவல். எதிரணி ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்ட திட்டத்தை அந்த நாலு தப்படி நடை காட்டிக்கொடுத்துவிடும். பந்து இன்னும் கிளம்பவே இல்லை. ஆள் காவல் என்றால் வேகமானவனைத் தேடு. இடக் காவல் என்றால் இரண்டு பேருக்கு நடுவிலுள்ள சந்தைத் தேடு. பர்ரோ தேடி முடித்திருப்பார். ஆறாவது ஆள் வந்து சேரும்போது பந்து அங்கே இருக்காது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு ஆட்டமே வேறாகத் தெரிந்தது. டெலிவிஷனில் நாம் கைதட்டுவது பந்து காற்றில் போகும் இரண்டு நொடிக்கு. கலை அதற்கு முந்தின பத்து நொடியில் நடந்து முடிந்துவிடுகிறது.

பெரியவர், பர்ரோ பக்கத்தில் யாரும் இல்லாத அந்தக் காலி முற்றத்தின் ரசிகர். எனக்குப் பிடித்தது ஜமார் சேஸின் கைகள். இதில் எங்களுக்குள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. முதல் டச்டவுனே சேஸுக்கு எறிந்த 33 கஜம். ஓரத்தில் நீளமாக ஓடும்போது காவலர் அவரை ஒட்டியே ஓடுகிறார், முதுகு பந்தின் பக்கம், கண் சேஸ் மேல். அவருக்குப் பந்து வருவது தெரிய ஒரே வழி சேஸின் முகமும் கையும்தான். பெரும்பாலானவர்கள் பந்து வருவதைக் கண்டதும் கையை நீட்டுவார்கள். காவலரும் கையை நீட்டித் தட்டிவிடுவார். சேஸ் நீட்டமாட்டார். யாருக்கோ போகிற பந்து போல ஓடிக்கொண்டே இருந்து, தலைக்கு மேல் வந்து இறங்கும் கணத்தில் மட்டும் கைகள் எழும். திருடன் பீரோவைப் பார்க்காமலே கடந்து போவது போன்ற ஒரு முகம். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால், காவலரின் கை எழுவது எப்போதும் ஓர் அரை நொடி பிந்தித்தான். அந்தப் பருவத்தில் சேஸ் பிடித்த டச்டவுன் 20. கூட ஆடிய ஜஸ்டின் ஜெபர்சன் 18. ஒருவருக்கு இரண்டு காவலர் போட்டால் மற்றவருக்கு ஒருவர்தான்.

ஆனாலும் அன்றைய ஆட்டம் அவர்கள் இருவருடையதும் இல்லை. ஓரத்துக்கு நடந்துபோன அந்த எட்வர்ட்ஸ்-ஹெலேருடையது. உயரம் 5 அடி 8 அங்குலம். பேட்டன் ரூஜ் பிள்ளை. மூன்று டச்டவுன் ஓடிப் போட்டார், ஒன்று பிடித்துப் போட்டார். ஓடியது 103 கஜம். அது போக ஒன்பது பந்து பிடித்து 77 கஜம். குட்டையானவர் என்பதால் முன்வரிசைத் தடியர்களின் முதுகுக்குப் பின்னால் காணாமல் போய்விடுவார். எதிரணி தேடிக்கொண்டிருக்கும்போது இடுப்புயரத்தில் எங்கிருந்தோ வெளியே வருவார். முதல் அடிக்கு விழமாட்டார். தொடை பருத்த அந்த உடம்பைத் தோளால் இடிப்பவர்கள் சறுக்கிப் போவதை அன்று எத்தனை முறை பார்த்தோம் என்று எண்ணவில்லை. எல்லோரையும் வெளியே பரப்பிவிட்டதால் நடுவே இடம் கிடைத்தது, பழைய எல்.எஸ்.யூ. முட்டி மோதிய அதே நடுப்பாதைதான். முஷ்டி போய், கூட்டம் கலைந்த பிறகு உள்ளே நுழைவது வந்தது.

முன்வரிசை ஐந்து பேரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நானும் ஒரு வரிதான் எழுதுகிறேன். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருது அவர்களுக்குப் போனது.

இடைவேளையில் 33-13. அதோடு முடிந்திருந்தால் வெறும் பவனி. அலபாமா திரும்பி வந்தது. கணுக்காலில் அறுவை சிகிச்சை ஆகி மூன்று வாரம்கூட முடியாத டுவா டகோவைலோவா நொண்டிக்கொண்டே 418 கஜம் எறிந்தார். 33-20. 33-27. பெரியவர் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஆட்டம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது, முடிவும் தெரியும், இருந்தும்.

எட்டு வருடமாக இந்த இடத்தில்தான் கை நடுங்கும். அன்று நடுங்கவில்லை. எறிந்தும் ஓடியும் நீளமாக ஒரு நகர்வு, எட்வர்ட்ஸ்-ஹெலேர் உள்ளே, 39-27. அலபாமா 39-34. மறுபடி அதே நிதானம், அவரே உள்ளே, 46-34. நெருக்கியபோது பர்ரோ தானே பந்தோடு ஓடினார். அன்று காலால் மட்டும் 64 கஜம். அடுத்த நொடியே என்று சொல்லுமளவுக்கு அலபாமா ஒரே எறியில் 85 கஜம் போய் 46-41 ஆக்கியது. அதன் பிறகு தானே மீட்டுக்கொள்ள அலபாமா குட்டையாக உதைத்த பந்தை ஜெபர்சன் அமுக்கிக்கொள்ள, மிச்ச நேரத்தை எல்.எஸ்.யூ. விழுங்கியது. 39 முறை எறிந்து 31 சேர்த்திருந்தார் பர்ரோ, 393 கஜம். அந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, நான்காம் கால் பகுதியில் எதிரணி ஒவ்வொரு முறை கிட்டே வந்தபோதும் உடனே ஒரு பதில் இருந்தது என்பது.

41 பாயின்ட் விட்டுக்கொடுத்த தடுப்பு ஆட்டத்தைப் பற்றி நான் வாயெடுத்தேன். "இன்றைக்கு அது வேண்டாம்" என்றார். எட்டு வருடம் அதையே பார்த்துப் பார்த்துக் கைதட்டியவர்.

இந்தத் தாக்குதலுக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வாரம் முன்னால் ஆபர்னை வென்றார்கள், 23-20. ஆபர்ன் மூன்றே பேரை முன்னே அனுப்பி, மிச்ச எட்டுப் பேரைப் பின்னால் இறக்கி, சந்துகளையெல்லாம் அடைத்துவிட்டது. யாரைத் துரத்தி யார் போகிறார்கள் என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. கஜங்கள் நிறைய வந்தன, கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் வற்றின. அந்தப் பருவத்தில் அவர்களுடைய மிகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். அன்றும் வெற்றி, தெருவில் எல்லோர் முகமும் தொங்கியிருந்தது. அது பெருமைக்குரிய தொங்கல் என்பேன். 9-6க்குத் தெருவில் ஆடிய ஊர், 23-20 போதவில்லை என்று முகம் சுளிக்கும் அளவுக்கு நாக்கு தேறியிருந்தது.

டிசம்பர் 28 அன்று அரையிறுதியில் ஓக்லஹோமாவை 63-28 என்று அடித்தார்கள். இடைவேளைக்கு முன்பே பர்ரோ ஏழு டச்டவுன் எறிந்தார். எல்லோரும் அதைத்தான் உச்சம் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. எதிரில் இருப்பவருக்கும் பேச ஏதாவது இருக்க வேண்டும். அன்று ஒருவரே பேசிக்கொண்டிருந்தார். டஸ்கலூசாவில் இரண்டு பேர் பேசினார்கள். 2011இல் அதே மைதானத்தில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது 15, அன்று 87.

ஜனவரி 13 இரவு நியூ ஆர்லியன்ஸில் கிளெம்சனை 42-25 என்று வென்று, 15 ஆட்டத்தில் 15 வெற்றியோடு பருவத்தை முடித்தார்கள். மறுநாள் காலை நானே போய்க் கதவைத் தட்டினேன். காப்பி தயாராக இருந்தது, திரையில் படம் நின்றிருந்தது. இரண்டாம் கால் பகுதி. கிளெம்சன் 17, எல்.எஸ்.யூ. 7.

"இங்கே வா," என்றார். "இவ்வளவு நேரம் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்ப்போம்."