காய்ச்சலை இறக்குவது யாருக்காக?

பழவேற்காடு ஏரியோரத்து ஆரம்பாக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு வாங்கினால், கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து சென்னை என்று வண்டி ஏற வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவை எட்டுவதற்குள் எத்தனை பாராசிட்டமால் உள்ளே போயிருக்கும் என்பதற்குப் பெரும்பாலும் கணக்கிருக்காது. அங்கேயும் பல நேரம் அதே மருந்துதான், இம்முறை நரம்பு வழியாக. சூடு இறங்கினால் நோய் இறங்கும் என்ற நம்பிக்கை வீட்டுத் திண்ணையிலிருந்து ஐசியூ வரை மாறுவதில்லை. ஆய்வுகள் இதற்குத் துணை நிற்கவில்லை.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் காய்ச்சலும் நோய்த்தொற்றுமாக ஐசியூவில் இருந்த 700 பேரில் ஒரு பாதிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் பாராசிட்டமால், மறுபாதிக்கு வெற்று மருந்து தந்தார்கள். 90 நாளில் இரு தரப்பிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 16 சதவீதம். மருந்தால் கேடும் இல்லை, லாபமும் இல்லை. வெப்பநிலையே அரை டிகிரிகூட வேறுபடாதபோது பலனை எப்படி எதிர்பார்ப்பது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. பிரான்சில் வெளியிலிருந்து உடலைக் குளிர்வித்து, 2012இல் வெளியான ஆய்வில் 14 நாள் இறப்பு 34 சதவீதத்திலிருந்து 19ஆகக் குறைந்தது உண்மை. ஆனால் மருத்துவமனையை விட்டுப் போகும்போது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. தவிர, அந்த ஆய்வின் நோயாளிகள் ரத்த அழுத்த மருந்திலும் சுவாசக் கருவியிலும் மயக்கத்திலும் இருந்தவர்கள், நடுங்கவில்லை. விழித்திருப்பவர் மேல் ஈரத்துணி போர்த்தினால் உடல் நடுங்கி, குளிர்வித்து மிச்சப்படுத்த நினைத்த ஆக்சிஜனை அதைவிட வேகமாகச் செலவழிக்கும். பலவீனமான இதயத்துக்கும் அடிபட்ட மூளைக்கும் சூடு ஆகாது, வேதனையைத் தணிக்கவும் மருந்து வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இவற்றில் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நோயாளிக்கான காரணம். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிய எல்லோருக்கும் அதையே செய்வது வெறும் பழக்கம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான உண்ணிக் காய்ச்சல் ஆய்வில், டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தந்தது தனித்தனியாகத் தந்ததைவிட மேல் என்று தெரிந்தது. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. மேன்மையை அளந்த கோல்களில் ஒன்று ஐந்தாம் நாளிலும் காய்ச்சல் நீடிக்கிறதா என்பது. அதாவது காய்ச்சல்தான் அங்கே சாட்சி. மணிக்கணக்கு வைத்துப் பாராசிட்டமால் கொடுத்து அந்தச் சாட்சியின் வாயை அடைத்துவிட்டால், நுண்ணுயிர்க்கொல்லி வேலை செய்கிறதா என்று எதைப் பார்த்துச் சொல்வது? ஆரம்பாக்கத்திலிருந்து அனுப்பும் சீட்டில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதினாலே, சென்னையில் அந்த எண்ணை வேறு மாதிரி வாசிப்பார்கள்.