பிளவாட்ஸ்கி அம்மையாரும் பெண்ணின் குரலும்

எலெனா பிளவாட்ஸ்கி அம்மையாரின் வாழ்க்கையை எழுதியோருள் ஒரு சாரார் அவரை ஞானி என்பர். மறு சாரார் எத்தர் என்பர். இரு சாராரும் அவர் வாழ்ந்த சமுதாயத்தை நோக்கத் தவறிவிடுகின்றனர்.

1831இல் ருஷ்யப் பேரரசில் உயர்குடியிற் பிறந்த அவர், 17 வயதில் தம்மிலும் மிக மூத்தவருக்கு மனைவியாகி, சில மாதங்களிலேயே அவரைப் பிரிந்தார். 1875இல் கேணல் ஒல்கொட் முதலியோருடன் நியூயோர்க்கில் பிரம்மஞான சபையை நிறுவினார். 1880இல் அவ்விருவரும் காலியிற் பஞ்சசீலம் ஏற்றனர். மிஷன்களின் செல்வாக்கு ஓங்கியிருந்த அக்காலத்தில், மேனாட்டார் கீழைச் சமயமொன்றிற்குத் தலைவணங்கியமை அடிமைப்பட்ட மக்களுக்குத் தன்மதிப்பை ஊட்டிற்று. இப்பயனை மறுப்பதற்கில்லை. 1882இல் சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றுக்கு வந்தது.

ஆயினும், அம்மையார் தம் போதனையைத் தமது என்று கூறினாரல்லர். மறைந்து வாழும் மகாத்துமாக்களின் வாக்கு என்றார். அம்மகாத்துமாக்களின் கடிதங்கள் பெரும்பாலும் அவரே புனைந்தவை என 1885இல் ஹொட்ஜ்சன் அறிக்கை தீர்ப்பளித்தது. அவ்வறிக்கையின் ஆய்வுமுறை பிழையானதென 1986இல் வெர்னன் ஹரிசன் வாதிட்டார். கையெழுத்து வழக்கு ஒருபுறம் நிற்க, அறிவு ஆடவரின் உடைமை என்றிருந்த உலகில் ஒரு பெண்ணின் எழுத்துக்கு ஆண் ஆசான்களின் முத்திரை வேண்டியிருந்தது என்பதே நாம் கருதவேண்டியது.

நம் வன்னிக் கோயில்களில் உரு வந்து ஆடும் பெண்ணின் வாக்குக்கு ஊரே செவிசாய்க்கும். மறுநாள் அவள் வீட்டிற் சொல்வதைக் கேட்பாரில்லை. அவளுக்குக் கிடைத்த மதிப்பு அவளுக்குரியதன்று.

இரவல் அதிகாரத்துக்கு வேறொரு தீங்கும் உண்டு. மகாத்துமாவின் வாக்கை எவர் எதிர்த்துக் கேட்பது? 1888இல் இலண்டனில் வெளியான 'இரகசியக் கோட்பாடு' என்ற நூலில் அவர் மனிதகுலத்தை மூல இனங்களாக அடுக்கினார். சில மக்களைத் தாழ்ந்த படியில் வைத்தார். இப்பெருந்தவறும் ஞானம் என்ற போர்வையிலேயே உலாவிற்று.

அதே ஆண்டு, அதே இலண்டனில், நெருப்புப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்காக எழுதிய அன்னி பெசன்ட் மறுவருடமே அம்மையாரின் சபையிற் சேர்ந்தார். ஆனால் அத்தொழிலாளிப் பெண்கள் எந்த மகாத்துமாவையும் துணைக்கழைக்கவில்லை. தம் பசியைத் தாமே பேசினர், வென்றனர்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் அமர்ந்தனர். கோயில் வாசலில் இருந்தும் அவர்கள் தெய்வவாக்குச் சொல்லவில்லை. பெற்றவர் என்ற உரிமையோடு நீதி கேட்டனர். பெண்ணின் சொல்லை அவள் சொல்லாகவே கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலேனும் நாம் தொடங்க வேண்டாமா?