ஆர்கான் வைத்தால் போதுமா?

தை மாதம் பனி உலர்ந்ததும் வயலில் இறங்கும் நெல் அறுவடை பெல்ட் வண்டி, இருட்டும்வரை கரையேறாது. சம்பா அறுவடை நேரத்தில் அது நின்றால் வாடகை மணிக்கணக்கில் நஷ்டம். ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் அலுமினிய எல்போ உடைந்துவிட்டது என்று வையுங்கள். கம்பெனி பார்ட் வரும்வரை யார் காத்திருப்பது? கழற்றிக்கொண்டு டவுன் பட்டறைக்குப் போய், "ஆர்கான் வெல்டு வச்சுக் குடுங்கண்ணே" என்பார்கள். நொறுங்கியே போயிருந்தால் பைப்பும் தகடும் வெட்டிப் புதிதாகச் செய்துவிடுவதும் உண்டு. வெல்டிங் மெஷின் விலை இறங்கிய பிறகு வீட்டுக் கொட்டகையிலேயே இதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கைவேலையை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. அச்சுச் செலவு கிடையாது. ஒரே நாளில் கையில் கிடைக்கும். அசல் எந்த இடத்தில் விட்டதென்று தெரிவதால், அங்கே கனத்த தகடு போட்டு, அதிர்வுக்கு ஒரு முட்டும் கொடுக்கலாம். கம்பெனி பார்ட்டைவிட அது கூடுதல் காலம் உழைத்தாலும் ஆச்சரியமில்லை.

சிக்கல் உலோகத்தில் இருக்கிறது. அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகிவிடும். அதன்மேல் படிந்த ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏசி கரண்டில் வைத்தால் அந்தப் படலம் உடையும். டிசி மட்டும் உள்ள மலிவு மெஷினை வாங்கிவிட்டு, ஒட்ட மாட்டேன் என்கிறதே என்று புலம்புவது இதனால்தான். இரும்புபோலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது; பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று ஓட்டை விழும். நம்மூர்ப் பனி இன்னொரு தொல்லை. ஈரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் உள்ள ஹைட்ரஜன் உருகிய அலுமினியத்தில் தாராளமாகக் கரையும். இறுகும்போது ஏறக்குறைய 20-இல் ஒரு பங்குதான் உள்ளே தங்க முடியும். மீதி, ஊசித்துளையாக நிற்கும். காலையில் திறந்தவெளியில் கிடந்த தகட்டைச் சுடவைத்துத் துடைக்காமல் வெல்டு வைப்பது வேலையைக் கெடுத்துக்கொள்வதுதான்.

அந்த ஊசித்துளை எங்கே விழுகிறது என்பதில்தான் என் வாதம் இருக்கிறது. தண்ணீர்ப் பாகத்தில் விழுந்தால் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஏர் கிளீனரைத் தாண்டிய குழாயில் எதுவும் ஒழுகாது. இன்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளும். வைக்கோல் தூசியும் மண் புழுதியும் பில்டருக்குத் தெரியாமல் சிலிண்டருக்குள் போகும். அடுத்த பருவத்தில் ரிங் தேய்ந்து, ஆயில் குறைந்து, புகை தள்ளும்போது பழி ஆயில் மேலோ டிரைவர் மேலோ விழும். எல்போவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே ஒட்டிய கிரைண்டர் தூளைக் கழுவாமல் மாட்டினாலும் கதை இதுதான். ஆபத்தில்லாத சின்னப் பாகம் என்று எல்லோரும் நினைப்பதே இன்ஜினை மெல்லத் தின்கிறது.

ஆனால் பட்டறையில் பாராட்டெல்லாம் செதில் செதிலாக அடுக்கிய வெல்டு வரிக்குத்தான். இரண்டு வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, கொஞ்சம் காற்று ஏற்றி, பஞ்சர் கடைத் தொட்டியில் அமுக்கிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகுமா? அதற்கு வாடிக்கையாளரும் காசு தருவதில்லை, பட்டறைக்காரரும் கேட்பதில்லை. சூட்டில் முறுக்கிக்கொண்ட பிளாஞ்சை லேத்தில் பேஸ் எடுக்காமல், கேஸ்கெட் பேஸ்ட்டை அப்பிக் கொடுப்பதும் சகஜம்.

வெல்டில் உருக்கி நிரப்பும் ராடிலும் கவனம் வேண்டும். 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூட்டில் கிடக்கும் பாகத்துக்கு மெக்னீசியம் கலந்த 5356 ஆகாது. சிலிக்கான் உள்ள 4043தான் தாங்கும். காயலான் கடைத் தகடு என்ன கிரேடு என்று தெரியாதபோது எதை வைத்தாலும் சூதாட்டம். 6061-டி6 போன்ற நல்ல தகடே வெல்டு ஓரத்தில் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். காற்றுக் குழாய்க்கு மிச்சமுள்ள வலு தாராளம். இன்ஜின் எடையைச் சுமக்கும் பிராக்கெட்டை அப்படிச் செய்து தரச் சொன்னால், "இதுக்கு அசலே வாங்கிடுங்க" என்று திருப்பி அனுப்புகிற வெல்டரிடம் எல்போவை நம்பிக் கொடுக்கலாம்.