முதுகுக்கு இதமானது

என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்தபோது, குழந்தையைக் கட்டிக்கொள்ளும் பை ஒன்று வாங்கினேன். கடையில் பேபி கேரியர் என்றார்கள். பெட்டியின் மேல் ‘அம்மாவின் முதுகுக்கு இதமானது’ என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

பை படுமோசம். குழந்தையின் தொடைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு துணி. கால்கள் இரண்டும் நேராகத் தொங்கின. இடுப்புப் பட்டை கிடையாது. ஆறு கிலோவும் என் இரு தோள்களில். அரை மணி நேரத்தில் பிடரி இறுகிப்போகும்.

பிறகுதான் விவரம் தேடினேன். சுமையை வாங்க வேண்டியது தோள் அல்ல, இடுப்பெலும்பு. பட்டை அகலமாக, பஞ்சு வைத்ததாக இருக்க வேண்டும். வயிற்றைச் சுற்றி இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். துணி குழந்தையின் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை தாங்க வேண்டும். முழங்கால்கள் புட்டத்தைவிடச் சற்றே மேலே இருக்க வேண்டும். குழந்தையின் இடுப்பு மூட்டுக்கும் அதுதான் நல்லது. தலையைக் குனிந்தால் உச்சியில் முத்தமிட எட்ட வேண்டும். குழந்தையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி கட்டாயம், மூச்சு தடைபடக் கூடாது. குழந்தை நம் உடம்பிலிருந்து எவ்வளவு விலகித் தொங்குகிறதோ அவ்வளவுக்கு முதுகு பின்னால் வளைந்து ஈடுகட்டும். விளம்பரப் படங்களில் குழந்தை வெளியே பார்த்துச் சிரிக்கிறதே, அந்த நிலையில் எடை முன்னால் போய்விடுகிறது. கேமராவுக்கு நல்ல நிலை அது.

இவை எதுவும் பெட்டியில் இல்லை. சேலை கட்டியவள் கொசுவத்துக்கு மேல் பட்டையை மாட்டினால் அது வழுக்கும் என்பதும் இல்லை. சிசேரியன் தழும்பில் பட்டை உரசினால் என்ன செய்வது? அதுவும் இல்லை. (கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டலாம், அப்போது முதுகுக்கு இதம் குறையும். இரண்டில் ஒன்று.) சித்திரை வெயிலில் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி இருவரும் வேர்ப்பதற்கு, வலைத்துணி வைத்த பை பரவாயில்லை.

இந்தப் பைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் அமெரிக்கச் செவிலியரான ஆன் மூர், அமைதிப்படைத் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவுக்குப் போனார். அங்கே பெண்கள் ஒரு நீளத் துணியால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தனக்குக் குழந்தை பிறந்ததும், தன் அம்மா லூசி ஆக்கர்மனைக் கொண்டு அதேபோல ஒன்று தைத்துக்கொண்டார். அது ‘ஸ்னக்லி’ ஆனது. 1969இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆன் மூர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தாயும் மகளும் தைத்த பை அது. ஆனால் ‘கண்டுபிடித்தவர்’ என்று எழுதும்போது, டோகோப் பெண்களின் முதுகு அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கிறது?

“இடுப்புல வெச்சுக்கிட்டா ஆகாதா? இதுக்கொரு பையா?” என்றார் அம்மா. ஒக்கலில் வைத்தால் குழந்தையின் கால்கள் அழகாக விரிந்து பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் நம் இடுப்பு ஒரு பக்கம் எகிறும், ஒரு கை போய்விடும். மிச்சமிருக்கும் கையால் குழம்பைக் கிளறுவோம். அம்மாவுக்கு இன்றைக்கும் இடது பக்கம்தான் வலி. “எல்லாம் அந்த முதுகுத்தண்டு ஊசியால வந்தது” என்பார். நம் வீடுகளில் இந்த ஊசியைத் திட்டாத பெண் யார்? ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். ஆண்டுக்கணக்கான வலிக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டுகள், பிரிந்த வயிற்றுத் தசை, தூக்கம் இல்லாத இரவு, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்வது, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊசியைக் குற்றம் சொன்னால் வீட்டில் யாருக்கும் சங்கடம் இல்லை. வேலையைச் சொன்னால் ‘அந்த வேலையை யார் பங்குபோடுவது’ என்ற பேச்சு வந்துவிடும்.

பிரசவ வலியையும் நாம் இடுப்பு வலி என்றே சொல்கிறோம். பிள்ளை பிறந்த பிறகும் அது அதே பெயரில் நீடிப்பதால்தானோ என்னவோ, யாரும் தனியாகக் கவனிப்பதில்லை.

சட்டம் ஓரளவு கவனித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 26 வார விடுப்போடு, 50 பேர் இருக்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்றது. என் அலுவலகத்தில் அந்த அறைக்குப் பெயர்ப்பலகை இருந்தது. உள்ளே உடைந்த நாற்காலிகள். காப்பகத்தில் தொட்டில் இருந்தால் என் முதுகுக்குப் பை எதற்கு? பெட்டி இதைப் பேசாது. நிறுவனமும் வீடும் தாங்க வேண்டிய எடையை நல்ல பட்டை வைத்து என் உடம்புக்கே திருப்பிக் கட்டித் தருவதுதான் அதன் வியாபாரம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் இரண்டாவது பை வாங்கினேன். வலிக்கிறதே! அகலப் பட்டை, வலைத்துணி, தோள்பட்டைகள் முதுகில் குறுக்காகப் போவது. நிஜமாகவே இதமாக இருக்கிறது. ‘அம்மா அப்பா இருவருக்கும் பொருந்தும்’ என்று இதில் போட்டிருந்தது. நான்கு மாதம் கழித்துத் துவைக்க எடுத்தபோது கவனித்தேன்: பட்டையில் கொக்கி நின்ற இடத்தில் ஒரே ஒரு மடிப்புத் தடம். என் இடுப்பின் அளவு. வேறு எந்த அளவுக்கும் அது ஒருமுறைகூட இழுக்கப்படவில்லை.

அந்தத் தடத்தைக் கணவரிடம் காட்டினேன். சண்டையாகத்தான் முடிந்தது. இப்போது வாரத்தில் மூன்று காலை அவர் கட்டிக்கொண்டு நடக்கிறார். முதல் நாளே எதிர்வீட்டு அக்கா, “நீ குடுத்து வெச்சவம்மா” என்றார். அதே வராந்தாவில் நான்கு மாதம் நான் நடந்தபோது அவர் கேட்டதெல்லாம், “பாப்பாவுக்கு மூச்சு முட்டாதா?” என்பதுதான். மிச்ச நான்கு காலைகளைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.