பரதவர் பழம்பட்டினத்தை ரசிப்பது எப்படி?

மில்லர்புரத்து வீடுகளுக்கு வெளியூர் விருந்தினர் வந்தால், மாலையில் அவர்களைக் கிழக்கே அழைத்துச் சென்று, பனிமய மாதா கோயிலைத் தரிசிக்கச் செய்து, கடற்கரைச் சாலையில் சற்றே காற்று வாங்கவிட்டு, மக்ரூன் பொட்டலத்துடன் திரும்புவது எங்கள் தூத்துக்குடியின் நெடுநாளைய சம்பிரதாயம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும், பரதவர் என்ற கடலோரச் சமூகம் பல தலைமுறைகளாகத் தன் உழைப்பாலும் பிடிவாதத்தாலும் பக்தியாலும் சமைத்துக்கொண்ட பட்டினம் ஒன்று அந்தச் சாலையை ஒட்டியே இருக்கிறது என்பதையும், அதை நின்று நிதானமாகப் பார்ப்பவருக்கு அபூர்வமான ஆனந்தம் காத்திருக்கிறது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

ரசிக்க வருபவர் முதலில் கைவிட வேண்டியது, இது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற மிச்சம் என்ற எண்ணத்தை. முத்துச் சலாபத்தின், அதாவது முத்துக்குளிப்பின், உரிமை பற்றி எழுந்த கடும் பகையில் நலிவுற்றிருந்த பரதவர்களின் தலைவர்கள், துணை தேடித் தாமாகவே கொச்சிக்குப் பிரயாணமாகி, 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் தம் மக்கள் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற வழி செய்தார்கள். புனித சவேரியார் இக்கரையில் கால் வைத்தது அதற்குப் பின்னர், 1542ல்தான். தம் கடலைத் தாமே காத்துக்கொள்ளும் பொருட்டு ஆலோசித்து எடுத்த முடிவு அது என்று அறிந்து பார்க்கையில், இங்குள்ள ஒவ்வொரு கல்லும் வேறு பொருள் தருகிறது.

சீனத்தின் ஃபூஜியன் மலைகளில், ஒரு குலம் முழுவதும் கூடி வாழ்வதற்கென்று ஹக்கா மக்களும் பிறரும் எழுப்பிய பெரிய மண்கோட்டை வீடுகளைப் பற்றிப் பலர் படித்திருக்கக்கூடும். 2008ல் யுனெஸ்கோ அவற்றில் 46 கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அங்கே குலத்தின் ஒற்றுமையைத் தடித்த மண்சுவராகவே பார்த்துவிடலாம். நம் பரதவர் பட்டினத்துக்கு அத்தகைய மதில் கிடையாது. வடக்கே வேம்பாறு முதல் தெற்கே மணப்பாடு வரை ஏழு தலைமைத் துறைகள், துறைதோறும் பட்டங்கட்டிகள் என்ற ஊர்த்தலைவர்கள், அனைவருக்கும் மேலாகத் தூத்துக்குடியில் வீற்றிருந்த ஜாதித் தலைவர் என்ற மனிதக் கட்டுக்கோப்பே அவர்களுக்கு மதிலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த மதிலை எங்கே காண்பது என்றால், கோயிலில்தான் காண வேண்டும்.

கோயிலுக்குள் நுழையுமுன் ஒரு வருஷத்தை நினைவில் கொள்ளுங்கள்: இப்போதைய கோயில் 1713ல் எழுந்தது. 1658ல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருமாரை விரட்டி, மக்களைத் தம் மதப்பிரிவுக்குத் திருப்ப முயன்றவர்கள். அரசுக்கு வரி கொடுத்தும், அரசுக்காக முத்துக்குளித்தும் வந்த பரதவர்கள், வழிபாட்டில் மட்டும் இம்மியும் அசைந்து கொடுக்காமல், அதே டச்சுக்காரரின் ஆட்சியிலேயே, அவர்களுடைய கண்ணெதிரிலேயே இவ்வாலயத்தை எழுப்பிக்கொண்டார்கள்! டச்சுக்காரர் தமக்கென 1750ல் கட்டிய தூய திரித்துவ ஆலயமும் இதே கரையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் பார்ப்பது நல்லது. ஆண்டவர் யார், ஆளப்பட்டவர் யார் என்பதைக் கட்டடங்களைக் கொண்டு மட்டும் ஊகிக்க வேண்டுமானால் நிச்சயமாகத் தவறிவிடுவோம்.

பீடத்தில் உள்ள மாதாவின் திருவுருவம் 1555ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது மரபு. ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்டு 5ல் நிறைவுறும் திருவிழாவில் கூட்டம் அலைமோதும். ஆகவே முதல் தரிசனத்துக்குச் சாதாரண வார நாளின் காலையே உகந்தது. திருவிழாவின் சிகரமான பொன் தேரோ எல்லா ஆண்டும் ஓடுவதில்லை. விசேஷ ஆண்டுகளில் மட்டுமே ஓடும். அண்மையில் 2013லும் 2023லும் ஓடியது. அது முதன்முதல் ஓடியது 1806ல். அதைச் செய்வித்த ஜாதித் தலைவருக்குத் தேர்மாறன் என்ற பெயரே நிலைத்துவிட்டது. தேரைக் காணும் பாக்கியம் வாய்த்தால் சிலையை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் வடத்தையும், அதைப் பற்றிய கைகளையும் பாருங்கள். கோயில் தேரின் இலக்கணம் அறிந்த தமிழ் மக்கள், தாங்கள் ஏற்ற தெய்வத் தாய்க்குத் தங்களுக்குத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையையே செய்தார்கள். ஐரோப்பியர் எவரும் கற்பித்துத் தந்ததன்று அது.

இனி முத்து. இதன்றி இப்பட்டினம் இல்லை. சலாப காலத்தில், கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து, மூச்சடக்கி, பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுக்கு இறங்குபவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு நிமிஷம். அதற்குள் வலைப்பையில் சிப்பி சேர்க்க வேண்டும். பரதவரோடு முஸ்லிம் முத்துக்குளிப்பவர்களும் இத்தொழிலில் தேர்ந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. கரை சேர்ந்த சிப்பிக் குவியலில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு; குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. பிறகு சிப்பி ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். வாங்கியவர் அதை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைக் கண் சிறுத்துக்கொண்டே போகும் பித்தளைச் சல்லடைகள் பத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பார். அளவு பிரிந்த பிறகு உருவமும் ஒளியும் பார்த்து ஆணி, வடிவு, குறுவல், தூள் என்று தரம் குறிப்பார்கள். மூச்சைப் பணயம் வைத்து எடுத்த பொருள், இறுதியில் ஒரு சிறு பித்தளைத் துளைக்குள் விழுகிறதா, தங்குகிறதா என்பதைப் பொறுத்து விலை பெற்றது. கோயிலின் பொன்னையும் தேரின் ஒளியையும் பார்க்கும்போது இந்தச் சல்லடை என் மனத்தில் வராமல் இருப்பதில்லை. உங்களுக்கும் வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

1961க்குப் பின் இங்கே முத்துச் சலாபம் நடக்கவில்லை. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கி வெற்றி கண்டதும் இக்கரையில்தான். சங்கு குளித்தலோ இன்றும் தொடர்கிறது. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணிகளைக் காண நேர்ந்தால், தோணியைச் செலுத்தும் தண்டல் ஒருவரிடம் பணிவாகப் பேச்சுக் கொடுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவர் சொல்வது எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காது.

தெருக்களில் நடக்கையில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள்: பர்னாந்து, மோத்தா, மிராண்டா, ரொட்ரிகோ. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்துவை மில்லர்புரத்தில் குழாய் திறக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நியாயம். படித்துவிட்டு வர விரும்புவோர்க்கு ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவலைச் சிபாரிசு செய்வேன். 2013ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நூல், இந்தத் தெருக்களின் வியாபாரத்தையும் குடும்பங்களையும் உள்ளிருந்தே சொல்கிறது.

இன்னும் ஒரு பகல் ஒதுக்க முடிந்தவர்கள் தெற்கே தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்குச் செல்லலாம். அண்டிரிக்கி அடிகளார் தமிழில் எழுதிய 'அடியார் வரலாறு' 1586ல் அங்கேதான் அச்சேறியது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் எழுத்தில் நூல் அச்சடித்த அவ்வூரில் போய் நின்று, ஆற்றுமுகத்தில் கட்டியிருக்கும் வள்ளங்களைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பலாம்.