எந்த வருடத்து அலி?

1969 கோடையில், மயாமியில் ஒரு ஸ்டூடியோவின் கதவைச் சாத்திக்கொண்டு, குத்துச்சண்டை சாம்பியன்களான முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் எழுபது சுற்றுக்கு மேல் ஆடினார்கள். சுற்றுக்கு ஒரு நிமிடம். மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. ஓய்வு பெற்று 13 வருடம் ஆகியிருந்தது. இதற்காகவே 50 பவுண்டு அளவுக்கு இளைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அலிக்கு 27 வயது. ராணுவத்தில் சேர மறுத்ததால் உரிமம் பறிபோய், ஆடுவதற்கு மேடையில்லாமல் இருந்த நேரம். யார் ஜெயிப்பார் என்பதைக் கணினி சொல்லும், அதற்குத் தக்கபடி படத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அதனால் பலவிதமான முடிவுகளையும் நடித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் படத்தைப் பார்க்க மார்சியானோ இல்லை. ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார்; மறுநாள் அவருடைய பிறந்தநாள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான படத்தில் அவர் 13-வது சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ, மார்சியானோவின் முகம் கிழிந்து அலி ஜெயித்தார்.

ஒரே சண்டைக்குக் கண்டத்துக்கு ஒரு தீர்ப்பு. இன்றைக்கும் "அலியா டைசனா", "லூயிஸா ஃபோர்மனா" என்று பேசத் தொடங்கினால் பேச்சு இப்படித்தான் போய் முடிகிறது. காரணம், நாம் பெயர்களை மோதவிடுகிறோம். மோதவேண்டியது ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட விதியின் கீழ் மேடை ஏறிய உடம்புகள். அந்த இரண்டையும் தீர்மானித்துவிட்டால் இந்த விவாதத்துக்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன; நடந்த சண்டைகளிலேயே இருக்கின்றன.

முதலில் விதி. மார்சியானோவின் தோல்வியே இல்லாத 49-0 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் முதல் சுற்றிலேயே இடது ஹுக்கால் மார்சியானோவைக் கீழே தள்ளிவிட்டார். தொழில்முறை ஆட்டத்தில் மார்சியானோ விழுந்தது அதுதான் முதல் முறை. பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் வால்காட்தான் முன்னால் இருந்தார். 13-வது சுற்று தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வால்காட்டின் முதுகு கயிற்றைத் தொடுகிறது. இருவரும் ஒரே சமயத்தில் வலது கையை விடுகிறார்கள். மார்சியானோவின் கைக்குப் பயண தூரம் குறைவு; அது முதலில் போய்ச் சேருகிறது. வால்காட்டின் ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, முழங்கால் மடங்கி, தலை தரையை நோக்கித் தொங்க, மெல்லச் சரிகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தச் சரிவில் எனக்கு மனசு கனக்கும். 38 வயது மனிதர். பட்டம் தக்கிவிட்டது என்று நம்ப எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது.

இன்றைய விதியில் பட்டப் போட்டிக்குப் பன்னிரண்டே சுற்றுதான். 1982-ல் ரே மான்சினியோடு 14-வது சுற்றுவரை ஆடிய தென்கொரிய வீரர் கிம் டுக் கூ மூளைக் காயத்தால் இறந்தார். அதன் பிறகுதான் பதினைந்து பன்னிரண்டானது. சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விதி 1952-ல் இருந்திருந்தால் 49-0 என்ற கணக்கே கிடையாது. 1941-ல் பில்லி கானிடம் ஜோ லூயிஸும் பட்டத்தை இழந்திருப்பார்; அவர் கானை வீழ்த்தியதும் 13-வது சுற்றில்தான். ஆகவே யாராவது மார்சியானோவை இன்றைய ஆட்களோடு நிறுத்தினால், எத்தனை சுற்று என்று நான் முதலில் கேட்பேன்.

அடுத்தது தேதி. 1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். அன்று கூட்டம் பார்த்தது 38 வயது அலியை. அதே வருடம் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்து சுற்று அடி வாங்கி, அவருடைய பயிற்சியாளரே ஆட்டத்தை நிறுத்தவேண்டி வந்தது. மறுவருடம் ட்ரெவர் பெர்பிக்கிடம் புள்ளியில் தோற்றதோடு ஓய்வு. அதே பெர்பிக்கை 1986 நவம்பரில் இரண்டே சுற்றில் சாய்த்துத்தான் 20 வயது மைக் டைசன் பட்டம் வாங்கினார். "அலியை வென்றவரையே டைசன் நொறுக்கிவிட்டார்" என்று இதை வைத்து வாதாடுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பெர்பிக் வென்ற அலிக்கு 40 வயது ஆக ஒரு மாதம்தான் பாக்கி. அலி என்று நான் சொல்லும்போது மனதில் வைத்திருப்பது 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றில் முடித்த 24 வயது இளைஞரை. கால் தரையில் பாவாமல் ஆடிய கடைசிக் காலம் அது. டைசன் என்றால் 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் அனுப்பிய டைசன்.

"இவரை அவர் அடித்தார், அவரை இன்னொருவர் அடித்தார்" என்ற கணக்கு குத்துச்சண்டையில் செல்லாது என்பதற்கு எழுபதுகளைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 1971-ல் ஃபிரேசியர் அலியை வென்றார். 1973-ல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அந்த இருவரையும் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டு சுற்றில் துவைத்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 1974-ல் கின்ஷாசாவில் அலி உயிரோடு மீண்டாலே போதும் என்றுதான் விடை வரும். நடந்தது எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுந்ததுதான். முன்னேறி வருகிறவர்களை நிறுத்தி அடிப்பது ஃபோர்மனின் பலம். கயிற்றில் சாய்ந்து அடியை வாங்கிக்கொண்டு, அடிப்பவரைக் களைக்கவிட்ட அலி அவருக்குப் புதிது.

பழைய ஆட்கள் இன்றைக்கு உருவத்தில் சின்னவர்கள் என்ற வாதம் மார்சியானோ விஷயத்தில் சரி. வால்காட்டோடு ஆடியபோது அவர் 184 பவுண்டு. இன்று 200 பவுண்டு வரை குரூசர்வெயிட். அலி விஷயத்தில் அது எடுபடாது. 6 அடி 3 அங்குல உயரமுள்ள உக்ரைன் வீரர் உசிக், தன்னைவிட ஆறு அங்குலம் உயரமான டைசன் ஃப்யூரியை 2024-ல் இரண்டு தடவை வென்றார். இரண்டாவது தடவை எடையில் 55 பவுண்டு வித்தியாசம். உசிக்கின் உயரம்தான் அலிக்கும்.

அப்படியானால் 1966 அலி, 1988 டைசன், பதினைந்து சுற்று. எடையில் டைசன்தான் ஐந்தாறு பவுண்டு கூட. முதல் நான்கு சுற்று எனக்கு நிஜமாகவே பயம். கையைத் தாழ்த்தி, தலையைப் பின்னால் இழுத்துக் குத்துக்குத் தப்பிப்பது அலியின் பழக்கம். அப்படி இழுத்த தலையை இடது ஹுக் தேடிப் பிடித்திருக்கிறது. 1963-ல் ஹென்றி கூப்பர், 1971-ல் ஃபிரேசியர். டைசனின் இடது ஹுக் அந்த இரண்டையும்விட வேகமானது, அதற்கு முன்னால் விலாவில் ஒரு வலதும் வந்து சேரும். அலி ஒரு தடவை விழுவார் என்றே வைத்துக்கொள்கிறேன். கூப்பரிடமும் ஃபிரேசியரிடமும் விழுந்தபோதும் எழுந்தார். பத்து எண்ணும்வரை தரையில் கிடந்த அலியை நிஜ ஆட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஐந்தாவது சுற்றிலிருந்து அலியின் ஜாப் பேசும். டைசன் உள்ளே நுழையும் ஒவ்வொரு தடவையும் இடது கை பிடரியைப் பிடித்து அமுக்கும். ஃபிரேசியருக்குப் பிற்காலத்தில் செய்ததுதான். 1987-ல் ஜேம்ஸ் ஸ்மித் கட்டிப்பிடித்தே பன்னிரண்டு சுற்றைக் கடத்தினார். அதற்கு டைசனிடம் அன்று மருந்து இல்லை. 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் நீண்ட ஜாபுக்கும் இல்லை. பத்தாவது சுற்றில் தரையில் தவழ்ந்து மவுத்பீஸைத் துழாவி எடுத்து, அதன் ஒரு முனையை மட்டும் பல்லில் கடித்துக்கொண்டு எழ முயன்ற டைசனை மறக்க முடியாது. அது பயிற்சியாளர் கெவின் ரூனி போன பிறகு வந்த டைசன் என்பார்கள். உண்மை, அதனால் டோக்கியோவை நான் அரை சாட்சியாகத்தான் எடுக்கிறேன். ஸ்மித் ஆட்டம் முழு சாட்சி. அப்போது ரூனி மூலையில்தான் நின்றார். பன்னிரண்டு சுற்றானால் நெருக்கமாக, பதினைந்தானால் தெளிவாக, அலி.

எனக்கு விடை பிடிபடாத சண்டை வேறு: 1973 ஃபோர்மனும் 1988 டைசனும். குள்ளமாக, குனிந்து, முன்னேறி வருகிறவருக்கு ஃபோர்மனின் அப்பர்கட் எமன்; 1973-ல் கிங்ஸ்டனில் ஃபிரேசியருக்கு நடந்தது அதுதான். ஆனால் ஃபிரேசியருக்குச் சூடேற மூன்று சுற்று வேண்டும். டைசன் மணி அடிக்கும்போதே சூடாக வருவார். இருவரில் யாருடைய முதல் குத்து போய்ச் சேரும் என்பதுதான் முழுச் சண்டையும். கிங்ஸ்டனில் ஃபிரேசியர் ஆறு தடவை விழுந்தார். அதில் ஒரு தடவை, ஃபோர்மனின் அடியில் அவருடைய இரண்டு காலும் தரையை விட்டு எழும்பின. அதை நினைத்து ஃபோர்மன் பக்கம் சாய்வேன்; மறுநாள் ஸ்பிங்க்ஸ் விழுந்த 91 விநாடியைப் போட்டுப் பார்ப்பேன், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும்.