எழுபது குறுந்தகடும் ஒரு சட்டைப்பையும்: சோனி வாக்மேன் என்டபிள்யூ-ஏ306

ஆலங்காயத்தைத் தாண்டி, காவலூர்ப் பாதையில் வண்டி மலையேறத் தொடங்கினால், கைப்பேசியில் ஓடும் பாட்டு ஒரு வளைவில் நிற்கும், அடுத்த வளைவில் மறுபடி எழும், அதற்கும் மேலே போனால் திரையில் சுற்றும் வட்டம் மட்டுமே மிஞ்சும். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்குள் சிக்னல் கிடைக்கிறது. அங்கிருந்து சாமைக் கொல்லைகள் பக்கமாக இரண்டு மேடு நடந்தால் போயே போய்விடும். மாதச் சந்தா கட்டிவிட்டு உலகத்து ஜாஸ் எல்லாம் நம் பையில் இருக்கிறது என்று நினைத்திருப்பவர்களை ஜவ்வாது மலைக்கு ஒருமுறை அழைத்து வரலாம்.

சொந்தமாக வைத்திருப்பது எது, வாடகைக்குக் கேட்பது எது என்று அங்கே பிரிந்துவிடும். என்னிடம் சொந்தமாக இருப்பவை பாக்ஸ் செட்டுகள். அட்டைப் பெட்டி, அதற்குள் வரிசையாகக் குறுந்தகடுகள், கூடவே கனமான ஒரு கையேடு. அவற்றை வீட்டுக் கணினியில் தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளாக மாற்றிச் சோனியின் என்டபிள்யூ-ஏ306 வாக்மேனில் ஏற்றி மலைக்கு எடுத்துப் போனேன். 1979-இல் கேசட்டோடு பிறந்த வாக்மேனின் இன்றைய வாரிசு இது. உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டு. திரை 3.6 அங்குலம், எடை 113 கிராம். விலை மட்டும் இந்தியாவில் அறிமுகமானபோதே 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தது.

ஜமுனாமரத்தூரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல சிம் போட முடியாதாண்ணா?"

"முடியாதுப்பா."

"கேமரா?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதுக்குண்ணா இவ்ளோ காசு?"

விமர்சனம் எழுத வேண்டியது அவன்தான். அவன் கேள்விக்குப் பதில் சொல்ல இந்தப் பெட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் கச்சேரிக்காரர்களைப் போலவே ஜாஸ் கலைஞர்களும் ஒரே உருப்படியை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வாசிப்பவர்கள். ஒரு மாலை ஸ்டூடியோவில் நான்கு முறை வாசித்திருந்தால் எல்பியில் ஒன்றுதான் ஏறியிருக்கும். மற்ற மூன்றையும் தேடி எடுத்து, நாள்வாரியாக அடுக்கி, யார் யார் வாசித்தார்கள் என்ற முழுக் குறிப்போடு வெளியிடுவதே பாக்ஸ் செட். இதை ஒரு நேர்த்தியான தொழிலாக்கியவர்கள் அமெரிக்காவின் மொசைக் ரெக்கார்ட்ஸ்காரர்கள். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் ஆரம்பித்த நிறுவனம் அது. ப்ளூ நோட் நிறுவனத்துக்காகத் திலோனியஸ் மங்க் பதிவுசெய்த அத்தனையும் சேர்ந்ததுதான் அவர்களுடைய முதல் வெளியீடு. எண்ணி அச்சிட்டுத் தபாலில் விற்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். அங்கிருந்து ஒரு பெட்டியை வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து பெட்டியின் விலையை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். சென்னையில் லேண்ட்மார்க்கும் மியூசிக் வேர்ல்டும் மூடப்பட்ட பிறகு, நம் ஊரில் இதைச் சேர்ப்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் சூட்கேஸே பெரிய துணை.

வாக்மேனுக்கு நான் வைத்த முதல் சோதனை மைல்ஸ் டேவிஸின் கொலம்பியா ஆல்பங்கள் முழுவதும் அடங்கிய 2009-ஆம் ஆண்டுப் பெட்டி. 70 குறுந்தகடுகள். கருவியின் சேமிப்பு 32 ஜிபி என்கிறார்கள். இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக நமக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 18 ஜிபி. ஒரு குறுந்தகடு ஃப்ளாக்கில் சராசரியாக 300 எம்பி பிடிக்கும் என்றால் எழுபதும் உள்ளே போகாது. ஆகவே மைக்ரோ எஸ்டி கார்டு தேவைப்படுமா என்று யோசிக்கவே வேண்டாம், கருவி வாங்கும் அன்றே கார்டையும் வாங்கிவிட வேண்டும். இந்த விலைக்கு 64 ஜிபியாவது கொடுத்திருக்கலாம்.

பேட்டரியில் குறையில்லை. குறுந்தகட்டுத் தரத்து ஃப்ளாக் என்றால் 36 மணி நேரம் என்பது சோனியின் கணக்கு. வைஃபையை அணைத்துவிட்டுக் கேட்டேன். அடிக்கடி மின்சாரம் போகிற மலையில் சார்ஜரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கவாட்டில் நிஜப் பொத்தான்கள் இருப்பது இன்னொரு நிம்மதி. சட்டைப்பைக்குள்ளேயே விரலால் தடவிப் பாட்டை நிறுத்தலாம், தாவலாம், ஒலியைக் குறைக்கலாம். ஹோல்டு சுவிட்சும் உண்டு. பாட்டு ஓடும்போது திரையில் கேசட் சுற்றுகிற மாதிரி ஒரு தோற்றம் வைத்திருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியவர்களின் பலவீனம் தெரிந்த கம்பெனி! டிஎஸ்இஇ அல்டிமேட், வினைல் பிராசஸர் என்று ஒலியை மெருகேற்றும் வசதிகளும் நிறைய. அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஒரு மறுவெளியீட்டுக்காகப் பொறியாளர் மூல நாடாவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார். அதற்கு மேல் நாம் ஏன் மசாலா தூவ வேண்டும்?

ஒலிக்கு வருகிறேன். காவலூரில் வானியலாளர்கள் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை நிறுவியது இந்த மலை இருட்டை நம்பித்தான். இருட்டு அவர்களுக்கு என்ன செய்கிறதோ அதையே இரவின் அமைதி காதுக்குச் செய்கிறது. 1950-களின் பதிவுகளில் நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சென்னையில் மின்விசிறியும் ஆட்டோவும் அதை மறைத்துவிடுகின்றன. மலையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் அது தெளிவாகக் கேட்கிறது, அதை வைத்தே மறுவெளியீடுகளைத் தரம் பிரிக்கலாம். குறுந்தகடு வந்த புதிதில் சில நிறுவனங்கள் இரைச்சலைத் துடைக்கிறோம் என்று சிம்பலின் மினுமினுப்பையும் சேர்த்தே துடைத்துவிட்டன. இரைச்சலை விட்டுவைத்த பதிப்புகளில் குச்சி சிம்பலில் படும் நுனி ஓசை, அது கரையும் நீளம், டிரம்மருக்குப் பின்னால் உள்ள அறை எல்லாம் உயிரோடிருக்கின்றன. வாக்மேன் தன் பங்குக்கு எந்த இரைச்சலையும் சேர்ப்பதில்லை. இதை நான் பெரிய பாராட்டாகவே சொல்கிறேன்.

அடுத்தது, நம் காதுக்கென்றே அமைந்த ஒரு சோதனை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30-ஆம் தெரு ஸ்டூடியோவில் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளையும் பதிந்தபோது மூல நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். முப்பது வருஷங்களுக்கு மேல் உலகமே அந்த ஏறிய சுருதியில்தான் அதைக் கேட்டது. 1992-இல் மறுவெளியீட்டுக்காக, சரியான வேகத்தில் ஓடிய துணை நாடாவை எடுத்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஏற்றம் கால் கட்டைக்கும் குறைவுதான். ஆனால் 'ஸோ வாட்' முழுக்க நம் கரகரப்பிரியாவின் சுரங்களில் நடக்கிறது, இரண்டு கட்டையில் ஆரம்பித்து நடுவில் இரண்டரைக்கு ஏறி மறுபடி இறங்குகிறது. கைப்பேசியில் தம்பூரா செயலியை இரண்டு கட்டையில் வைத்துக்கொண்டு, பழைய எல்பியிலிருந்து நண்பர் எடுத்துத் தந்த கோப்பையும் மறுவெளியீட்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். பழையதில் பாஸ் கருவி தம்பூராவோடு உரசுகிறது. புதியதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஃபோல்டர் வரிசையில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரே பொத்தானில் தாவ முடிவதால் இந்தக் கருவியில் இதுபோன்ற ஒப்பீடு சுலபம்.

இடைவெளியில்லாமல் ஒரு கோப்பிலிருந்து அடுத்ததற்குப் போகிறதா என்பதற்கு ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9 அன்று ஒரே அமர்வில் பதிவானது. மூன்றாம் பகுதியின் கடைசியில் வரும் பாஸ் தனியிலிருந்து நான்காம் பகுதி அப்படியே தொடர வேண்டும், நடுவில் மூச்சு முட்டினால் கெட்டது. முட்டவில்லை.

'சக்தி' குழு இல்லாமல் தமிழில் ஜாஸ் விமர்சனம் எழுத முடியாது. ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், டி.எச். விநாயக்ராம், மிருதங்கத்தில் ஆர். ராகவன். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நேரடியாகப் பதிவாகி அடுத்த வருஷம் வந்த முதல் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிஷம். எல்பியின் ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரத்தை அடைத்தால் பள்ளங்கள் நெருங்கும், ஒலியைத் தணித்தே வெட்ட வேண்டியிருக்கும். குறுந்தகடு மறுவெளியீட்டில் அந்த நெருக்கடி கிடையாது. வாக்மேனில் அதைக் கேட்டபோது விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றோடு ஒட்டி விலக்குகிற கும்கியும், விரல் நகம் மண்ணில் படும் சத்தமும் தனித்தனியாக நின்றன. மெக்லாஃப்லினின் கிடாரில் குறுக்கே கட்டப்பட்ட, தாமாகவே ஒத்ததிரும் தந்திகள் மெல்ல அதிர்வது, வண்டிச் சத்தமில்லாத இடத்தில்தான் முழுதாகக் காதில் விழுகிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் சக்தி 16 ஓம் சுமையில் பக்கத்துக்கு 35 மில்லிவாட். காதுக்குள் செருகும் வயர் இயர்போனுக்கு இது தாராளம். வீட்டில் வைத்துக் கேட்கும் 300 ஓம் ஹெட்போனைப் போட்டால் திணறும்.

இனி என் மனக்குறை. அது இந்தக் கருவியோடு நிற்பதல்ல, அநேகமாக எல்லா மியூசிக் பிளேயர்களுக்கும் பொது. ஆல்பம், பாடகர், வகை, வெளியான ஆண்டு, இசையமைத்தவர் என்று ஐந்தாறு வழிகளில் தேடலாம். வாசித்தவர் பெயரால் தேட வழியில்லை. ஜாஸில் அதுதானே எல்லாம்! பாஸ் வாசித்த பால் சேம்பர்ஸ் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் இருக்கிறார், கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயி'னிலும் 'ஜயண்ட் ஸ்டெப்ஸி'லும் இருக்கிறார். 33 வயதில் இறந்துபோன மனிதர். திரையில் அவர் பெயரை எங்கும் பார்க்க முடியாது. ஆண்டும் குழப்பம்தான். 1964-இல் பதிவான ஆல்பத்தை 2019-இல் மறுவெளியீடு செய்திருந்தால், தரவில் 2019 என்றே எழுதியிருப்பார்கள். கருவியும் அதை நம்பிப் புத்தம் புது ஆல்பங்களோடு சேர்த்துவிடும். கையேட்டை ஸ்கேன் செய்து போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். 3.6 அங்குலத் திரையில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

நம் வீடுகளுக்கு வந்த பாக்ஸ் செட் எது என்று கேட்டால் 2017-இல் அறிமுகமான சரிகம கார்வானைத்தான் சொல்வேன். ஐயாயிரம் பாட்டு, ஒரு திருகு. அம்மாவுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. எம்.எஸ்.வி.யின் கிளப் பாட்டுகளில் ஜாஸின் நடை தாராளமாக இருக்கும். ஆனால் அந்த டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் ஊதியவர்கள் யார்? இது கார்வானின் தவறல்ல, அந்தக் காலத்து ரெக்கார்டு உறைகளிலேயே பெரும்பாலும் அந்தப் பெயர்களை எழுதவில்லை. 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டில் வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று நமக்குத் தெரிவது விதிவிலக்கு. மொசைக் பெட்டியின் கையேட்டில் 1940-களின் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் யார் டிரம்ஸ் வாசித்தார் என்று பார்க்கும்போதெல்லாம் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களை நினைத்து எனக்கு வயிறு எரியும்.

சரி, வாங்கலாமா? உங்கள் கைப்பேசியோடு ஆயிரம் ரூபாய் டாங்கிள் ஒன்றைச் சேர்த்தாலே இந்த ஒலியின் பெரும் பகுதி கிடைத்துவிடும், அதை மறைக்க விரும்பவில்லை. மிச்சப் பணம் பேட்டரிக்கும், பொத்தான்களுக்கும், நடுவில் அழைப்பு வராத நிம்மதிக்கும். ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கேட்பவர்களுக்கு இது வீண். அலமாரியில் பாக்ஸ் செட்டுகளை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போகிற வேலையில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். டீக்கடைப் பையனுக்கும் இதையே சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

வாங்கினால் ஒரு யோசனை. ஆளுக்கொரு பிளேலிஸ்ட் போட்டு, கையேட்டைப் பார்த்து அவரவர் வாசித்ததை அதில் சேருங்கள். வேலை பிடிக்கும், பரவாயில்லை. என் கருவியில் பால் சேம்பர்ஸின் பட்டியல் விரல் சலிக்கிற அளவுக்கு நீள்கிறது. ஆர். ராகவனின் பட்டியலில் இருப்பது ஒரே ஆல்பம். சக்தியின் அடுத்த இரண்டு ஆல்பங்களிலும் அவர் இல்லை.